நெல்லைச் சீமையில் சபை வளர்த்த இரேனியஸ்

(இளமறிவியல், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுதியது)

குற்றாலத்தில் சாரல் பொழியும் காலத்தில், செங்கோட்டைக் கணவாய் வழியே புகும் காற்று தென்காசியைத் தழுவி, ஆலங்குளத்தைக் கடந்து, பாளையங்கோட்டை வரை சென்று அங்குள்ள வெம்மையைத் தணிக்கும். அத்தகைய ஓர் ஆடிக்காற்றுக் காலத்தில், 1820ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஜெர்மானியர் ஒருவர் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. பிறகு பதினெட்டு ஆண்டுகள் நெல்லைச் சீமையே அவருக்கு வீடாயிற்று. முடிவில் அந்த மண்ணிலேயே அவர் உறங்கலானார். அவர்தாம் இரேனியஸ் ஐயர்.

நெல்லையில் கிறிஸ்தவ சபை வளர்ந்த வரலாற்றைப் பேசுவோர் அவரை நெல்லையின் அப்போஸ்தலர் என்று போற்றுவர். சமயத்தால் அவரை நெருங்கியவர்களுக்கு மட்டுமே உரியவர் அல்லர் அவர். பள்ளி, அச்சு நூல், உரைநடைத் தமிழ், சாதி வேற்றுமை என்று பேசப் புகும் எவரும் அவரைத் தாண்டிச் செல்ல இயலாது. அவர் எத்தனை பேரைத் தம் சபையில் சேர்த்தார் என்பதைவிட, அச்சபையை யார் கையில் ஒப்படைக்க விரும்பினார் என்பதே அவர் வாழ்வின் மையம் என்பது என் எண்ணம். அதன்பொருட்டே அவர் பெயர் பெற்றார். அதன்பொருட்டே பதவியும் இழந்தார்.

பிறப்பும் இளமையும்

கார்ல் இரேனியஸ் 1790 நவம்பர் 5ஆம் நாள் மேற்குப் பிரஷ்யாவின் கிரௌடென்ஸ் கோட்டையில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் பிரஷ்யப் படையில் அதிகாரி. மகனுக்கு ஆறு வயது இருக்கும்போதே அவர் காலமானார். தந்தையற்ற பிள்ளை உறவினர் ஆதரவில் படித்து, சிறிது காலம் அலுவலக எழுத்துப் பணியும் பார்த்தது. நெப்போலியனின் போர்கள் ஐரோப்பாவைக் கலக்கிய காலம் அது.

சமயத் தொண்டில் மனம் சென்ற இளைஞர் 1811ஆம் ஆண்டளவில் பெர்லின் நகரில் ஜெனிக்கே என்னும் போதகர் நடத்திய பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். இங்கே நெல்லையரான நாம் சற்று நிற்க வேண்டும். அந்தப் பெர்லின் ஜெனிக்கேயின் இளைய சகோதரர் ஜோசப் டேனியல் ஜெனிக்கே என்பவர், தஞ்சையிலும் பாளையங்கோட்டையிலும் உழைத்து 1800ஆம் ஆண்டில் மறைந்தவர். எனவே, நெல்லை என்ற பெயர் அந்தப் பெர்லின் வீட்டுக்குப் புதிதன்று. ஒரு வீட்டின் துயரமும் நம்பிக்கையும் இன்னோர் இளைஞரைக் கடல் கடந்து அதே ஊருக்கு இழுத்து வந்தன போலும்!

குருப்பட்டம் பெற்ற பின் அவர் இங்கிலாந்து சென்று சர்ச் மிஷனரி சங்கத்தில் சேர்ந்தார். ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த அச்சங்கத்துக்கு அந்நாளில் அயல்நாடு செல்ல முன்வந்த ஆங்கிலேயர் குறைவு. ஆதலின் லுத்தரன் மரபில் குருப்பட்டம் பெற்ற ஜெர்மானியரையே அது பெரிதும் நம்பியிருந்தது. இந்த ஏற்பாட்டில் பின்னாளைய பிணக்கின் விதை அன்றே விழுந்துவிட்டது. 1814 ஜூலையில் ஷ்னாரே என்னும் தோழருடன் இரேனியஸ் சென்னையில் கரையிறங்கினார். தென்னிந்தியாவுக்கு அச்சங்கம் அனுப்பிய முதல் இருவர் இவர்களே.

அன்றைய நெல்லை

சில திங்கள் தரங்கம்பாடியிலும், பின்னர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சென்னையிலும் பணிபுரிந்த இரேனியஸ் நெல்லைக்கு வந்தபோது, இச்சீமை எப்படி இருந்தது?

கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799இல். நாடு முழுமையாகக் கும்பினியார் கைக்கு மாறியது 1801இல். பாளையங்களின் வாள் ஓய்ந்துவிட்டது. ஆனால் வரியும் வறுமையும் ஓயவில்லை. தேரிக்காட்டிலும் கரிசல் காட்டிலும் பனையேறிப் பிழைத்தவர்களும், பிறர் நிலத்தில் உழைத்தவர்களும், பெரிய வீடுகளின் திண்ணைக்குக்கூட ஏற முடியாத நிலையில் இருந்தார்கள். எழுத்தறிவு என்பது அவர்கள் கனவிலும் காணாதது.

கிறிஸ்தவம் இங்கே புதிதாக வந்ததும் அன்று. 1785இல் குளோரிந்தா என்னும் மராட்டியப் பிராமண விதவை பாளையங்கோட்டையில் ஒரு சிறு கோயில் எழுப்பினார். அவருக்குப் பின் சத்தியநாதன் என்னும் தமிழ்க் குருவும், சாத்தான்குளத்துப் பக்கத்துச் சுந்தரானந்தம் தாவீது என்னும் இளைஞரும் ஊர் ஊராக உழைத்தனர். வீடு எரிக்கப்பட்ட மக்களுக்காக 1799இல் முதலூர் என்னும் ஊரே உருவாயிற்று. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்த பின் கவனிப்பார் இல்லாமல் சபைகள் நலிந்தன. 1816இல் பாளையங்கோட்டைப் படைக்குக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப் என்பவர், சிதறிக் கிடந்த ஏறத்தாழ மூவாயிரம் பேரைக் கண்டு மனம் நொந்து, தம்மால் இயன்ற பள்ளிகளைத் தொடங்கி, ஆள் அனுப்புமாறு எழுதினார். அந்த அழைப்பின் பேரில் வந்தவரே இரேனியஸ். அவருக்குத் துணையாக வந்தவர் பெர்னார்டு ஷ்மித். இந்த ஷ்மித் பின்னர் நீலகிரித் தாவரங்களைத் திரட்டி ஜெர்மனிக்கு அனுப்பிய தாவரவியல் ஆர்வலர் என்பது அறிவியல் பயிலும் நமக்கு இனிக்கும் செய்தி.

உபதேசியாரும் ஊர்ப் பள்ளியும்

இரேனியஸ் வந்தவுடன் செய்த வேலை மாளிகை கட்டுவதன்று, ஆள் பழக்குவது. ஓர் அயல்நாட்டார் எத்தனை ஊருக்குத்தான் போக முடியும்? ஆகவே நாட்டவரையே தேர்ந்து, அவர்களைப் பாளையங்கோட்டையில் வைத்துப் பயிற்றி, ஊருக்கொருவராக அனுப்பினார். அவர்களே உபதேசியார்கள். ஓலை வேய்ந்த ஒரு சிறு கூடமே பகலில் பள்ளி. அதுவே காலையும் மாலையும் செப வீடு. உபதேசியாரே வாத்தியார், அவரே நோயாளியைப் பார்ப்பவர், வழக்குத் தீர்ப்பவரும் அவரே. அவர்கள் குறித்த நாள்களில் பாளையங்கோட்டைக்கு வந்து தம் ஊர்ச் செய்திகளைச் சொல்லி, பாடம் கேட்டுத் திரும்புவார்கள்.

பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று ஊர் கேட்ட அந்நாளிலேயே இரேனியஸ் தம்பதியர் பெண் குழந்தைகளுக்கும் பள்ளி வைத்தனர். 1826இல் பாளையங்கோட்டையில் பெரிய கோயில் எழுந்தது. பின்னர் விரிந்து, கோபுரமும் பெற்று இன்று திரித்துவப் பேராலயமாக நிற்பது அதுவே.

சபை சிறு விதையாகத் தொடங்கி மரமாக வளர்ந்தது. பதினைந்து ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் அவர் கவனிப்பில் இருந்தனர். அவர்கள் எல்லாரும் ஆழ்ந்த சமய ஆராய்ச்சி செய்து வந்தவர்கள் என்று சொல்வதற்கில்லை. ஒடுக்குவார் கையிலிருந்து விடுதலையும், பிள்ளைக்குப் படிப்பும், மனிதன் என்ற மதிப்பும் தேடி வந்தோர் பலர். அதில் குறை காண்பதற்கு என்ன இருக்கிறது? தாகமுள்ளவன் தண்ணீர் உள்ள இடத்துக்குத்தானே போவான்!

ஒரே பந்தி

பள்ளி திறப்பது எளிது. பந்தி வைப்பது அரிது. பயிற்சிப் பள்ளி மாணவர்கள் எந்தச் சாதியினராயினும் ஒன்றாகத் தங்கி, ஒரே அடுப்பில் சமைத்ததை ஒன்றாக உண்ண வேண்டும் என்பது இரேனியஸ் வகுத்த விதி. பெற்றோர் சிலர் பொங்கி எழுந்தனர். சமயம் மாறச் சம்மதித்தவர்கள்கூடப் பந்தி மாறச் சம்மதிக்கவில்லை! பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள்; பள்ளியே சில காலம் மூடிக் கிடந்தது. இரேனியஸ் விதியைத் தளர்த்தவில்லை. உடன்படுவோரைக் கொண்டு மீண்டும் திறந்தார்.

பழைய தரங்கம்பாடி, தஞ்சை மரபினர் பலர் சாதி வேற்றுமையை உலக வழக்கு என்று விட்டுவிட்டனர். இரேனியஸ் அதைச் சமயத்தின் உள்ளேயே புகுந்த நோயாகக் கண்டார். அதனால் அவருக்குப் பகை மிகுந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே அவருடைய மாற்றங்களை வன்மையாக எதிர்த்துப் பாடல் புனைந்தார். சாஸ்திரியாரின் கவித்திறனை நாம் மதிக்கிறோம். ஆயினும் இந்தப் பந்தி வழக்கில் காலம் யார் பக்கம் தீர்ப்புச் சொல்லியது என்பதை, விடுதிச் சாப்பாட்டு அறையில் அடுத்திருப்பவன் யார் என்று கேளாமல் உண்ணும் நாம் அறிவோம். அந்தத் தீர்ப்பு முழுமையாக நிறைவேறிவிட்டதா என்பதை மட்டும் நாம் ஒவ்வொருவரும் நம் ஊருக்குப் போய் நம் மனத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தர்ம சங்கம்

புதிய சமயத்தை ஏற்ற ஏழைகளுக்கு இன்னோர் இடர் இருந்தது. அவர்கள் குடியிருந்த மனையும் உழுத நிலமும் பிறருடையவை. நிலக்கிழார் சினந்தால் ஒரே இரவில் குடிசை போய்விடும். பொய் வழக்கு வரும். கிணற்றில் நீர் எடுக்க முடியாது. இதற்கு மருந்து என்ன? சொந்த நிலம்.

1827இல் பிரஷ்யாவின் டோனா என்னும் பிரபு அனுப்பிய பொருளைக் கொண்டு, களக்காட்டுக்கு அருகே மலையடிவாரத்தில் புலியூர்க்குறிச்சி என்ற இடத்தில் நிலம் வாங்கி மக்களைக் குடியேற்றினார் இரேனியஸ். அப்பிரபுவின் பெயரால் அது டோனாவூர் ஆயிற்று. நம் குற்றாலத்துக்குத் தெற்கே, அதே மேற்கு மலைத்தொடரின் நிழலில் இருக்கும் ஊர் அது. ஆமி கார்மைக்கேல் அம்மையார் 1901இல் அங்கே வந்து குழந்தைகளைக் காத்த வரலாறு பலரும் அறிந்தது. ஆனால் அவ்வூர் பிறந்ததே புகலிடமாகத்தான் என்பதைச் சிலரே அறிவர்.

அயல்நாட்டுப் பிரபுவை எத்தனை காலம் எதிர்பார்ப்பது? 1830இல் தர்ம சங்கம் தோன்றியது. மக்களே காசு சேர்த்து, அந்தப் பணத்தால் நிலமும் மனையும் வாங்கி, இடம் இழந்தோரைக் குடியேற்றுவது அதன் நோக்கம். பிடியரிசியும் சில்லறைக் காசுமாகத் திரண்டதே அதன் முதல். ஆதரவற்ற விதவையருக்கான நிதியும் அவர் காலத்திலேயே ஏற்பட்டது. இன்று கூட்டுறவு என்று பாடத்தில் படிக்கிறோமே, அதன் உயிர்த்தத்துவம் அன்றைய நெல்லையின் ஏழை ஊர்களில் செயலாக இருந்தது. கையேந்தியவர்கள் கைகொடுப்பவர்கள் ஆனார்கள்.

தமிழ்த் தொண்டு

நெல்லையில் திருப்பாற்கடல்நாதன் கவிராயர் என்னும் புலவரிடம் இரேனியஸ் தமிழ் இலக்கணத்தை முறையாகப் பயின்றார். கற்றதைக் காட்டிக்கொள்ள அவர் செய்யுள் இயற்றவில்லை. படித்தால் பனைத் தொழிலாளிக்கும் விளங்க வேண்டும், புலவர் காதுக்கும் கூசக்கூடாது என்ற நடுத்தர நடையை நாடினார். கொச்சையும் வேண்டாம், கடுஞ்சந்தியும் வேண்டாம் என்பது அவர் கொள்கை. பெப்ரீஷியஸ் மொழிபெயர்த்த பழைய வேதாகமத்தைத் திருத்தி, புதிய ஏற்பாட்டை எளிய உரைநடையில் தந்தார். பிறமொழியினர் தமிழ் கற்க அவர் ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் இலக்கணம் 1834இல் வெளிவந்தது. கால்டுவெல் இந்தியாவில் கால் வைப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் அது.

நம்மைப் போன்ற அறிவியல் மாணவர்கள் அவருக்குத் தனியே கடன்பட்டவர்கள். 1832இல் பூமி சாஸ்திரம் என்ற நூலை அவர் தமிழில் வெளியிட்டார். தமிழில் அச்சேறிய தொடக்கக்கால அறிவியல் நூல்களுள் அது முன்வரிசையில் வைத்து எண்ணப்படுவது. உலகத்தின் இயல்பையும் நாடுகளையும் பள்ளிச் சிறுவனுக்குத் தாய்மொழியில் சொல்ல முடியும் என்று 1832இலேயே ஒருவர் செய்து காட்டிவிட்டார்! தமிழில் அறிவியல் வருமா என்று இன்றும் ஐயுறுவோர் அந்த ஆண்டை நினைவில் கொள்வார்களாக.

பிணக்கும் பிரிவும்

இத்தனை ஊர்களுக்கு உபதேசியார்கள் உண்டு. ஆனால் திருமுழுக்குத் தரவும் திருவிருந்து நடத்தவும் குருப்பட்டம் பெற்றவர் வேண்டும். தம்மிடம் பயின்று தேறிய உபதேசியார் சிலருக்குத் தாம் பெற்ற லுத்தரன் முறைப்படியே குருப்பட்டம் அளிக்க வேண்டும் என்று இரேனியஸ் எண்ணினார். ஆங்கிலத் திருச்சபையின் பேராயர் கையால், அச்சபையின் விதிகளுக்கு உடன்பட்டே பட்டம் பெற வேண்டும் என்றது சங்கம். கேட்பதற்கு இது முறைமை பற்றிய சிறு தகராறு. உள்ளே இருந்ததோ பெரிய கேள்வி: நெல்லை மக்களின் சபைக்கு வடிவம் தருவது யார்? இங்கே வாழும் அனுபவமா, இலண்டனில் வகுத்த சட்டமா?

சங்கத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்கள் பொருளில் நடக்கும் பணி அவர்கள் திருச்சபையின் ஒழுங்கில் நடக்க வேண்டும் என்று கேட்பது இயல்பே. இரேனியஸ் பேனாவும் சற்றுக் கூரியது. ஆங்கிலத் திருச்சபையின் அமைப்பைப் போற்றி வெளிவந்த ஒரு நூலுக்கு 1834இல் அவர் எழுதிய மறுப்பு, அத்திருச்சபையின் முறைகளையே வெளிப்படையாகச் சாடியது. பிணக்கு முற்றியது. 1835இல் சங்கம் அவரைப் பணியிலிருந்து விலக்கியது.

பதினைந்து ஆண்டு உழைத்த இடத்தை விட்டு, குடும்பத்துடன் ஆர்க்காடு சென்றார். பொறுப்பை ஏற்க ஜார்ஜ் பெட்டிட் வந்தார். அத்துடன் கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை. நெல்லையிலிருந்து ஓலையும் கடிதமும் ஆர்க்காட்டுக்குப் பறந்தன. உபதேசியார்களும் ஊராரும் திரும்பி வருமாறு மன்றாடினர். முன்பு தலை நிமிர்ந்து பேசவே அஞ்சிய மக்கள், இப்போது தங்களுக்கு யார் வேண்டும் என்று எழுதிக் கேட்டார்கள். அந்தக் கடிதங்களே இரேனியஸ் பெற்ற பட்டங்களில் பெரியது எனலாம்.

சில திங்களில் அவர் திரும்பினார். ஷாப்டர், முல்லர், லெக்லர் ஆகிய தோழர்கள் உடன் நிற்க, எந்தச் சங்கத்தின் சம்பளமும் இன்றித் தனியே பணி தொடர்ந்தார். ஆனால் அன்பால் நேர்ந்த அந்த மீட்சி பிளவையும் கொண்டுவந்தது. ஒரே ஊரில் இரு கட்சி. ஒரே வீட்டில் இரு பக்கம். கோயில் யாருக்கு, பள்ளி யாருக்கு என்ற பூசல். தாம் கட்டியதைத் தாமே இரண்டாகக் காண நேர்ந்தது அவருக்கு. அவர் திரும்பியிருக்கத்தான் வேண்டுமா என்று இன்றும் வழக்காடலாம். மக்கள் அழைத்த பின் வராமல் இருந்திருந்தால், அவர்களிடம் தாம் வளர்த்த துணிவையே அவர் அவமதித்தவர் ஆவார் என்பதே என் கருத்து.

மறைவு

ஓயாத உழைப்பும் மனத்துயரும் உடலை அரித்தன. 1838 ஜூன் 5ஆம் நாள், நாற்பத்தேழு வயதிலேயே இரேனியஸ் பாளையங்கோட்டையில் காலமானார். அங்குள்ள அடைக்கலபுரத்தில் அவர் கல்லறை உள்ளது. நிலமற்றோருக்கு அடைக்கலம் தேடியவருக்கு அந்தப் பெயர் கொண்ட இடமே இறுதி அடைக்கலம் ஆயிற்று.

அவர் மறைந்த பின் பிளவு மெல்ல ஆறியது. ஷாப்டரும் முல்லரும் சர்ச் மிஷனரி சங்கத்துக்குத் திரும்பினர். லெக்லர் வேறொரு சங்கத்தின் வழியே சேலம் சென்றார். ஊர்ச் சபைகள் மீண்டும் ஒன்றாயின. பின்னாளில் அச்சங்கம் தன் பணியைப் பகுதிகளாகப் பிரித்தபோது நம் பக்கத்து நல்லூர், சுரண்டை, பனைவடலி ஆகியவை பகுதித் தலைமையிடங்கள் ஆயின. ஆலங்குளத்தை அடுத்த நல்லூரில் பணிபுரிந்தவர் அதே ஷாப்டர். ஆக, பாளையங்கோட்டையில் ஏற்றிய விளக்கின் ஒளி தாமிரபரணிக் கரையோடு நில்லாமல் 2019இல் தனி மாவட்டமாகிய நம் தென்காசிச் சீமைக்கும் வந்து சேர்ந்தது. 1896இல் நெல்லை தனிப் பேராயம் ஆனது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது அதில் இணைந்தது. நாட்டவரே குருக்களாகவும் பேராயர்களாகவும் அமர்ந்து ஆளும் காலமும் வந்தது. எதற்காக அவர் விலக்கப்பட்டாரோ, அதை வரலாறு பொறுமையாக நிறைவேற்றியது.

நாம் கொள்ள வேண்டியது

நண்பர்களே! நம் கல்லூரியில் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பு வாசலை மிதித்தவர்கள். நானும் அவர்களுள் ஒருவன். நம் பாட்டனார் கைநாட்டு வைத்தார்; நாம் கையெழுத்துப் போடுகிறோம். இந்த மாற்றம் ஒரு நாளில் வந்ததன்று. அரசுப் பள்ளிகளும் மதிய உணவும் கட்டணச் சலுகைகளும் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, ஓலைக்கூரையின் கீழ் மணலில் விரல் வைத்து எழுதிய குழந்தைகள் இருந்தார்கள். எந்தச் சமயத்தவராயினும் நாம் அந்த வரிசையில் பின்னால் வந்தவர்கள்.

இரேனியஸ் குறையற்றவர் அல்லர். இந்நாட்டுச் சமய மரபுகளை அவர் பல இடங்களில் வெளியே நின்றே பார்த்தார். எதிர்ப்போரிடம் பொறுமை காட்டுவது அவருக்கு எப்போதும் எளிதாயில்லை. ஆயினும் கற்றவன் தன் கல்வியை என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அவர் வாழ்வில் ஒரு விடை இருக்கிறது. தன்னைச் சுற்றிக் கூட்டம் சேர்ப்பது தலைமையன்று. தான் இல்லாதபோதும் நடக்கும்படி பிறரை ஆளாக்குவதே தலைமை. நாளை நம்மில் பலர் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் நம் ஊர்களுக்குத் திரும்புவோம். அப்போது நம் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணாமல், எத்தனை பேரைச் சொந்தக் காலில் நிற்கச் செய்தோம் என்று எண்ணுவோமாக!